பெயருக்குப் பின்னால் ஓர் ஊர்

மலை அட்டையைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினேன். மழை நாளில் தேயிலைக் காட்டுக்குள் போகிறவர்களின் கணுக்காலில் அது ஏறுவதையும், ஓசையில்லாமல் இரத்தம் குடிப்பதையும், என் அம்மா காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு போனதையும், விழுந்த அட்டை சுருண்டு சாவதையும் கொஞ்சம் விருப்பத்தோடு விவரித்திருந்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால், இணையத்தில் எங்கள் வாசகர் வட்டம் வருடக்கணக்காக எழுதிவந்த பக்கம் இல்லை. வன்முறையைத் தூண்டும் உள்ளடக்கம் காரணமாக நீக்கப்பட்டது என்று ஓர் அறிவித்தல் இருந்தது. மேன்முறையீட்டுக்கு ஒரு பொத்தான். அமத்தினேன். உங்கள் மேன்முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தபோது என் விரல் இன்னும் பொத்தானிலேயே இருந்தது.

நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் சிங்களச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குகிறவள். அந்த அறிவித்தலின் தமிழ் என்னுடைய தமிழை விட மோசமாக இல்லை என்பதையும் கவனித்தேன்.

அந்தத் தளத்தைப் பெரிய தளம் என்றே சொல்லிக்கொள்கிறேன். எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள், பெயர் தேவையில்லை. நான் எழுதியவற்றுக்கு அலுவலகக் கணினியில் பிரதி இருந்தது. அரசாங்கத்தின் கணினி, அரசாங்கத்தின் மின்சாரம், என் பனியும் என் மழையும். ஆகவே நான் எதையும் இழக்கவில்லை. இழந்தவள் என் தோழி. அவள் எழுதியவை எல்லாம் பின்னூட்டங்கள். என் பதிவுகளுக்குக் கீழே அவள் எழுதியவை, பதிவுகளோடு சேர்ந்து போய்விட்டன.

அவளும் நானும் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அதன் மேல்பிரிவில், அடுத்தடுத்த லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்குப் பலகை, ஒரே பேன். இப்போது அவள் கண்டி டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிறாள். நாள் முழுவதும் மூன்று மொழிகளில் இலக்கங்களை உரக்கச் சொல்வது அவள் தொழில். அவள் தன் பெயரில் ஒரு பதிவும் போட்டதில்லை. யாராவது எழுதினால் அதற்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

பனி மலையைத் தின்கிறது என்று நான் ஒருமுறை எழுதினேன். அது எனக்கு மிகவும் பிடித்த வரி. கீழே அவள்: "திங்கல. ஊறப் போட்டிருக்கு. பத்து மணிக்கு அலசிக் காயப்போட்டுரும்."

இன்னொரு நாள் மௌனத்தைப் பற்றி நீளமாக எழுதினேன். கீழே அவள்: "எங்க கிளினிக்குக்கு வா. மௌனம்னா முப்பது பேரு ஒரே கதவப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது."

என்னைப் படிக்கிறவர்கள் என் வரிகளைத் தாண்டி நேரே கீழே போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வருத்தம் இருந்தது. கொஞ்ச நாளில் அது பழகி, நானே அப்படித்தான் செய்ய ஆரம்பித்தேன். காலையில் ஏதாவது எழுதிப் போட்டுவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நிற்கும்போது திறந்து பார்ப்பேன். மகாவலி கீழே பழுப்பாக ஓடும். அவள் வந்திருந்தால் அன்றைய நாள் சரி. நான் இலை போட்டேன், அவள் பரிமாறினாள், அவ்வளவுதான்.

நீயே தனியாக எழுது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"நான் மொதல்ல பேசுறவ இல்லடி," என்பாள். "யாராச்சும் பேசுனா எதுத்துப் பேசுவேன்."

பக்கம் போன பிறகு அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினேன் என்று சொல்லவில்லை. எழுத இடமில்லை, எழுதவில்லை. நீ எழுதினது ஏதாவது உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டபோது, சோறு வடித்த கஞ்சியை எங்கே வைத்தாய் என்று கேட்ட மாதிரிப் பார்த்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். பாலத்தில் பஸ் நின்றது. மகாவலி ஓடியது. நான் கைபேசியைத் திறந்து திறந்து மூடினேன். அவளை மறுபடி எழுத வைக்க வேண்டும். அந்த மழைக்காலத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். சுற்றறிக்கைகள் தாமாக நடந்துகொண்டிருந்தன.

*

வாசகர் வட்டம் என்றால் ஆறேழு பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கூடுவோம். கீழே பாண் சுடும் போறணை. சூடு தரை வழியாக ஏறும். எங்கள் இலக்கியக் கூட்டங்கள் ஒருபோதும் நீளாததற்கு அதுவே காரணம்.

வட்டத்தில் மடவளையிலிருந்து வருகிற ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுப்பவர். என்னை அக்கா என்பார். அந்தச் சனிக்கிழமை அவர்தான் வழி சொன்னார். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மென்பொருள் இருக்கிறது. பெரிய தளம் போலத்தான், எழுதலாம், பதில் சொல்லலாம். ஆனால் ஒரே முதலாளி இல்லை. யாரும் தங்கள் செலவில் ஒரு சேர்வர் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசும்.

"இப்ப மடவள தபால் கந்தோர்ல போட்ட கடிதம் கட்டுகஸ்தோட்டைக்குப் போவுதுதானே," என்றார். "ரெண்டு போஸ்ட்மாஸ்டரும் ஒரு ஆள் இல்ல. ஆனா கடிதம் போவுது. இதுவும் அப்படித்தான். நீங்க எங்க ஈந்தாலும் எங்க ஈக்கிறவரோடயும் கதைக்கலாம். ஒரே கூரைக்குக் கீழ ஈக்கணும்டு இல்ல."

எல்லோருக்கும் விளங்கியது. அதுதான் சிக்கல். விளங்காமல் இருந்திருந்தால் ஆர்வத்தில் சேர்ந்திருப்பார்கள்.

எங்களில் மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு கண்டியில் இருப்பவர். கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப உதுக்கு ஆர் பொறுப்பு?"

"எங்கட சேர்வருக்கு நான்தான் பொறுப்பு ஐயா."

"அது சரி. குறை நினைக்கக் கூடாது தம்பி. நீங்கள் செத்துப்போனால்?"

மடவளைக்காரர் தான் செத்துப்போவதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். கீழேயிருந்து பாண் வாசனை வந்தது.

"மகன் பாத்துக்குவான்," என்றார்.

"மகன் என்ன செய்யிறார்?"

"நாலாம் வகுப்பு."

"ஓம்," என்றார் பெரியவர். வங்கியில் இருந்தவர்களுக்கு ஓம் என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று தெரியும்.

"ஐயா, பெரிய தளத்துக்கு மட்டும் ஆர் பொறுப்பு? அவன ஒங்களுக்குத் தெரியுமா? எங்கட பக்கத்த மூடினானே, ஆரிட்டப் போய்க் கேட்டீங்க?"

"ஒருத்தரிட்டயும் கேட்கேலாது. அதுதான் சொல்லுறன். கேட்கேலாத இடத்தில கேட்காமல் இருக்கலாம். இது அப்பிடி இல்லை. ஏதும் பிழை எண்டா நான் உங்களிட்ட வந்து கேட்கவேணும். பிறகு உங்களோட எனக்கு மனஸ்தாபம் வரும். எனக்கு உங்களோட மனஸ்தாபம் வேண்டாம்."

அன்றிலிருந்து இன்றுவரை இதை விட நேரான காரணம் ஒன்றை நான் கேட்டதில்லை.

இருந்தாலும் சேர்வர் வைப்பது என்று முடிவானது. அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார் மடவளைக்காரர். அந்தப் பெயர் ஒவ்வொருவருடைய பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வரும், விலாசம் போல. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெயர் வைப்பது கவிதை எழுதுகிறவளின் வேலை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிள்ளைகளுக்கு, கடைகளுக்கு, ஒருமுறை ஒரு முச்சக்கர வண்டிக்குக் கூட வைத்திருக்கிறேன்.

"மேல்பிரிவு," என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்குக் கண் நனைந்தது. நாங்கள் பிறந்த இடம். லயத்துக்கு மேலே பனி, பனிக்கு மேலே மலை, அதற்கு மேலே ஒன்றுமில்லை. உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் எங்கள் பெயருக்குப் பின்னால் அந்த மலை நிற்கும். மடவளைக்காரர் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினார். பெரியவர் தலையாட்டினார். தோழியைப் பார்த்தேன்.

"நல்ல பேரு," என்றாள். எழுந்து போய், கீழே மீன் வைத்த மாலுபாண் வந்துவிட்டதா என்று படியில் நின்று பார்த்தாள்.

*

மேல்பிரிவு திறந்தது. முதல் நாள் அதில் மடவளைக்காரர் இருந்தார். பிறகு நான். சோதனை, என்று அவர் எழுதினார். தெரிகிறது, என்று நான் எழுதினேன். அதற்கு அவர் ஒரு நட்சத்திரம் போட்டார், அங்கே விருப்பத்துக்கு அதுதான் குறி.

பெரிய தளத்தில் ஒரு வரி எழுதினால் அது சந்தியில் சொன்ன மாதிரி. நின்றவர், போனவர், பஸ்ஸில் தொங்கினவர் எல்லார் காதிலும் விழும். இங்கே எழுதினால் பூசை முடிந்து கதவு சாத்துவதற்கு முந்திய கோயிலில் நின்று பேசின மாதிரி இருந்தது. என் குரலே திரும்பி வந்தது. குரலில் எனக்குப் பிடிக்காத சில விஷயங்கள் இருப்பதை முதல் தடவையாகக் கேட்டேன்.

நான் எல்லோரையும் கூப்பிட்டேன். அலுவலகத்தில், பஸ்ஸில், ஞாயிறு பூசை முடிந்து வெளியே செருப்புத் தேடும்போது. ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் எதற்கும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கைபேசியில் இடமில்லை. மகள் வந்தால்தான் போட்டுத் தருவாள். பெருநாள் முடியட்டும். அங்கே யார் யார் இருக்கிறார்கள். நீங்கள் இருக்கிறீர்கள், சரி, உங்களைத்தான் தினமும் பார்க்கிறோமே. பக்கத்து மேசைக்காரி, அங்கே அவளுடைய மாமியார் இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. மாமியாருக்குக் காட்ட முடியாவிட்டால் படம் எடுத்து என்ன பயன் என்றாள்.

பெரியவர் சேர்ந்தார். மனஸ்தாபம் வேண்டாம் என்பதற்காகவே சேர்ந்தார். ஒரு வாரம் கழித்துப் பேக்கரிப் படியில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"பிள்ளை, உதில மரண அறிவித்தல் எங்க வரும்?"

"இதுல அப்படி வராது ஐயா."

"ஏன்?"

"இங்க ஆளே இல்லையே. ஆள் இருந்தாத்தானே சாவாங்க."

அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. நானும் பகிடியாகச் சொல்லவில்லை. காலையில் எழும்பினால் பெரிய தளத்தில் ஊரில் ஆர் போனது என்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவாராம். கூடப் படித்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள், கனடாவில் இருப்பவர்கள். "இங்க வந்து பார்த்தன். ஒருத்தரும் சாகேல்லை. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு," என்றார். அவர் கணக்கை மூடவில்லை. ஆனால் செத்தவர்கள் இருக்கிற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

நான் தினமும் எழுதினேன். மலையை எழுதினேன், மழையை எழுதினேன், பேராதனை வீதி நெரிசலில் ஒரு யானை லொறியில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்ததை எழுதினேன். எல்லாம் எதிர்த்துப் பேசுவதற்கு வசதியான வரிகள். சிலவற்றில் வேண்டுமென்றே பிழை வைத்தேன். கீழே வெற்றிடம்.

தோழியும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

"போடுறேன்டி. பொங்கல் முடியட்டும்."

"பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு."

"அப்ப தீபாவளி முடியட்டும்."

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்கே போனேன். அவள் கண்ணாடிக்குப் பின்னால் பார்சல் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, இடையில் ஒரு நம்பரைக் கூப்பிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எழுந்து உள்ளே போனாள்.

"போனக் குடு," என்றேன். "நானே போட்டுத் தர்றேன்."

"கையில கொழம்பு."

"என் கையில இல்ல."

கொடுத்தாள். நான் இறக்கினேன், பெயர் அடித்தேன், கடவுச்சொல்லாக அவள் மகளின் பெயரைப் போட்டேன். திரை ஒரு கணம் சுற்றிவிட்டு, இனி உன் முழு விலாசம் இதுதான் என்று காட்டியது. அவள் பெயர். பக்கத்தில் மேல்பிரிவு. சரி என்று அமத்துவது மட்டும் பாக்கி. அவளிடம் நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போனை வாங்கி, இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.

"இந்தப் பேரு எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும். அதுதானே விலாசம்."

"ம்," என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். "சார்ஜ் இல்ல. ராவைக்குப் பாக்குறேன்." பிறகு மைக்கில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். அந்த நம்பருக்கு யாரும் எழும்பவில்லை. இரண்டாம் முறை சிங்களத்தில் கூப்பிட்டாள். அப்போதும் யாரும் இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொழில்நுட்பப் பயம் என்று நினைத்தேன். அதைப் பற்றி அன்று பின்னேரம் மேல்பிரிவில் ஒரு நீண்ட பத்தி எழுதினேன். மடவளைக்காரர் நட்சத்திரம் போட்டார்.

*

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் தோழியின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் இருக்கிற வாடகை வீட்டில் முன்னறை சின்னது. வந்தவர்களில் பாதிப் பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். வடை தட்டில் அடுக்குவது, தேநீர் கொண்டுபோவது, நல்ல சேலையோடு நின்று அரசாங்க உத்தியோகத்தராகக் காட்சி தருவது.

மாப்பிள்ளையின் பெரியம்மா மாத்தளையில் கடை வைத்திருக்கிறவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே அலுமாரி, சாமி படம், மின்விசிறி எல்லாவற்றையும் எடை போட்டுவிட்டுத் தோழியைக் கேட்டார்.

"ஒங்களுக்குச் சொந்த ஊரு?"

"கட்டுகஸ்தோட்டதாங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியும் இங்கதாங்க. அந்தப் பக்கத்து ஒழுங்கையில இருந்தோம்."

அது உண்மைதான். அந்த ஒழுங்கையில் அவர்கள் இருந்தார்கள். அதற்கும் முந்தியதைப் பெரியம்மா கேட்கவில்லை. தேநீர்த் தட்டோடு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இவங்களுக்கு என்ன மொற?"

"முறையில்லங்க. சின்னதுல இருந்து ஒண்ணாப் படிச்சோம்."

"எங்க படிச்சீங்க?"

எனக்கு ஒரு பதில் தெரியும். அதை ஒரு சேர்வருக்கே பெயராக வைத்திருந்தேன். உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்படி.

"கண்டிப் பக்கந்தாங்க," என்றேன்.

பெரியம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. சீனி போட்டதா போடாததா என்று கேட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்து, பெரிய தளத்தில் பெண்ணின் படங்களைத் தன் தங்கைக்குக் காட்ட ஆரம்பித்தார். பெண் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

குசினிக்கு வந்தேன். தோழி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள். திரும்பவில்லை.

"கண்டிப் பக்கமா?" என்றாள். "எங்கடி போச்சு ஒன் மேல்பிரிவு?"

நான் தட்டைக் கழுவ ஆரம்பித்தேன். சுத்தமான தட்டு.

"வாயில வரலையில்ல?"

"வரல."

"ஒனக்கே வரல. நீ கவிதாயினி. ஒம்பேருக்கு முன்னால ஆபிஸ் இருக்கு, பொஸ்தகம் இருக்கு. அப்புறமா மேல்பிரிவுன்னு வந்தா, அடடா அங்கயிருந்தா வந்தாங்கன்னு கைதட்டுவாங்க. எம்பேருக்குப் பின்னால அத ஒட்டுனா, லயத்துக்காரிங்கிற அது மட்டுந்தான் இருக்கும்."

ஒரு வடையைத் திருப்பிப் போட்டாள்.

"டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

இருந்தது. லயத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே விலாசம்: பெயர், பிரிவு, தோட்டம். கடிதங்கள் தோட்ட ஆபிஸுக்கு வரும். யாருக்காவது ஞாபகம் வந்தால், யாராவது அந்தப் பக்கம் போனால், கைமாறி வந்து சேரும். அவளுடையது இன்டர்வியூ நாள் முடிந்த பிறகு வந்தது. அவள் அதை வாசித்துவிட்டு அடுப்பு மூட்டக் கொடுத்தாள். மழை நாள், தாள் ஈரம், எரியவில்லை.

"ஐடென்டிட்டி கார்ட்ல இந்த வீட்டு நம்பர் வர்றதுக்கு எத்தன தரம் கிராம சேவகர்கிட்ட நடந்தேன். இப்பத்தான் வந்திருக்கு. நம்பர், ஒழுங்க, கட்டுகஸ்தோட்ட. வேற ஒண்ணும் இல்ல. நீ என்னடான்னா போனப் புடுங்கித் திரும்பக் கொண்டுபோய் அங்கேயே வச்சுப் பூட்டுற."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நல்ல பேருன்னு சொன்னேனே," என்றாள். "அதுக்கு மேல என்னா சொல்லச் சொல்ற. ஒனக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துருச்சே."

அந்தச் சம்பந்தம் ஜாதகத்தில் நின்றுபோனது. வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று இரு தரப்பினரும் சொன்னார்கள். அறிவித்தல்களை நம்புவது என் தொழில்.

*

சேர்வரின் பெயரை மாற்ற வேண்டும் என்று மடவளைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"ஏலாது அக்கா," என்றார். "வெச்சா வெச்சதுதான். மாத்துறதுண்டா புதுசா ஊடு கட்டற மாதிரி. ஏன், என்ன பிரச்சின?"

சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, தோழிக்கு அந்த விலாசம் வேண்டாம் என்பதை மட்டும்.

"அதுக்கு ஏன் பேர மாத்தணும்? அவங்க ஏன் எங்கட ஊட்டுக்கு வரணும்? வேற எங்கயாச்சும் ஈந்துட்டுக் கதைக்கலாமே. அதுக்குத்தானே இத செஞ்சீக்கிறது. மொத நாளே சென்னேன் அக்கா. ஒரே கூரைக்குக் கீழ ஈக்கணும்டு இல்லண்டு."

சொல்லியிருந்தார். அந்த நேரம் நான் ஏதாவது வரி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்த மதியம் கிளினிக்குக்குப் போனேன். இந்த முறை போனைக் கேட்கவில்லை. வேறு இடங்களும் இருக்கின்றன, அங்கே இருந்துகொண்டே எனக்குக் கீழே எழுதலாம், நீயே பார், என்று மட்டும் சொன்னேன். அவள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தாள். சென்னைக்காரர்கள் வைத்திருந்த ஒன்றைக் காட்டினேன்.

"வேணாம். தமிழ் ஆளுங்க இருந்தா மொதல் கேள்வியே நீங்க எந்த ஊருங்கன்னுதான் வரும்."

கொழும்பிலிருந்து ஒன்று. "அவங்க கேக்க மாட்டாங்க. ஆனா கண்டுபுடிச்சிருவாங்க."

விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பூனை வளர்ப்பவர்கள். கணித ஆசிரியர்கள். மலையேறுகிறவர்கள்: "நாங்க ஏறுனது போதும்." கடைசியில் ஒரு படத்தில் நின்றாள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு குளிர் நாட்டில், பழைய ரயில்களை நேசிக்கிறவர்கள் தங்களுக்காக வைத்திருந்த சேர்வர். சிவப்பு எஞ்சின் ஒன்று புகை விட்டுக்கொண்டிருந்தது. விதிமுறைகள் எங்கள் இருவருக்கும் தெரியாத மொழியில் இருந்தன.

சேர்வதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள், ஆங்கிலத்திலும்: ஏன் சேர விரும்புகிறீர்கள்? எனக்கு ரயில் பிடிக்கும் என்று எழுதினாள். ஹுன்னஸ்கிரியவுக்கு ரயில் கிடையாது. கட்டுகஸ்தோட்டையில் பாலத்தின் மேல் போகிற மாத்தளை ரயிலை அவள் திட்டித்தான் கேட்டிருக்கிறேன். அவளுடைய துணிக்கொடி அந்தப் பக்கம், புகை துணியில் படியும். பெயர் கேட்ட இடத்தில் அடுத்த நம்பர் என்று போட்டாள். குளிர்நாட்டுக்காரர்கள் மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கூட.

பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை. டிசம்பர் போனது. சளிக்காரர்கள் கூடிவிட்டார்கள் என்றாள். நான் மலையை எழுதினேன், மழையை எழுதினேன். பொங்கலும் முடிந்தது. எழுத ஒன்றும் இல்லாத ஒரு காலையில், எல்லாவற்றுக்கும் காரணமான அந்தப் பழைய அட்டைப் பத்தியை எடுத்து, ஒரு சொல் மாற்றாமல் மேல்பிரிவில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். அது தூண்டக்கூடிய வன்முறைக்கு அங்கே ஆளில்லை.

பாலத்தில் பஸ் நின்றது. ஆற்றின் மேல் பனி ஊறப் போட்டபடி கிடந்தது. திறந்தேன்.

கீழே, அடுத்த நம்பர். பக்கத்தில் அந்தத் தூர தேசத்து ரயில் விலாசம்.

"சுண்ணாம்பு எவ பூசுனா? அது வெத்தல போடுறவங்க பேச்சு. மேல்பிரிவுல எல்லாரும் சவுக்காரந்தான் தேய்ப்பாங்க, முட்டி வரைக்கும். ஒங்கம்மாவும் எங்கம்மாவும் ஒரே கட்டிய ரெண்டா ஒடச்சுத் தேச்சுக்கிட்டுப் போவாங்க. மழ பேஞ்சா கால்ல நுர வரும். நுரையோட மல ஏறுவாங்க. நீ மறந்துட்ட. நான் கீழ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

பஸ் நகர்ந்தது. என் அம்மா சுண்ணாம்புதான் தடவினாள் என்பது எனக்கு நிச்சயம். அல்லது நிச்சயமாக இருந்தது, பாலத்துக்கு வந்து சேரும் வரை. அவளுடைய வரிக்குக் கீழே குளிர்நாட்டு ரயில்காரர் ஒருவர் நட்சத்திரம் போட்டிருந்தார். அவருக்கு என்ன விளங்கியதோ.

திருத்த வேண்டுமா என்று கேட்கிற பொத்தான் என் பத்திக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. சுண்ணாம்பு அப்படியே இருக்கட்டும். அவளுக்கு எதிர்த்துப் பேச ஏதாவது வேண்டும்.